பறவைகளை எண்ணும் தொண்டர்கள்

ஓர் ஊரிலுள்ள பறவைகள் பெருகுகின்றனவா, அருகுகின்றனவா என்னும் வினாவுக்கு விடை கூறுதல் எளிதன்று. "முன்னர் வயல் நிறையக் கொக்கிருந்தது" என முதியோர் கூறுவர். அஃது உண்மையாகலாம், ஆயின் நினைவு மட்டும் அளவாகாது. எத்தனை, எங்கே, எவ்வாண்டு என்பவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். நாடு முழுவதையும் அவ்வாறு ஆராய்தற்கு விஞ்ஞானிகள் தொகை போதாது. ஆதலின் ஆசிரியர், உழவர், எழுதுவினைஞர் முதலிய பொதுமக்களே இத்தொண்டிற் பங்கு கொள்ளலாயினர்.

இம்முயற்சியின் பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று அமெரிக்காவில் எழுந்தது. நத்தார்க் காலத்தில் அணிகளாகப் பிரிந்து, மிகுதியான பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு வீழ்த்துவோரே வென்றோர் எனக் கொள்ளும் வழக்கம் அங்கு இருந்தது. 1900ஆம் ஆண்டிலே பறவையியலறிஞர் பிராங்க் சப்மன், சுடுவதை விடுத்து எண்ணுமாறு வேண்டினார். அந்நத்தார் நாளில் 27 பேர் 25 இடங்களிற் பறவைகளை எண்ணினர். அக்கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது.

எனினும், எண்ணுதல் மட்டும் போதாது. எண்ணும் முறை மாறாதிருத்தல் வேண்டும். வேளாண்மை முறைகளின் மாற்றமும் கிருமிநாசினிகளும் பறவைகளை எவ்வாறு தாக்குகின்றன என அறியும் பொருட்டு, பிரித்தானியப் பறவையியல் நிதியம் 1962இல் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கிற்று. தொண்டர் ஒவ்வொருவரும் ஒரு நிலப்பகுதியைத் தெரிந்து, பறவைகள் கூடுகட்டும் பருவத்திற் பன்முறை அங்குச் சென்று, பறவைகளைக் கண்ட இடங்களையும் அவை பாடிய இடங்களையும் படத்திற் குறித்தனர். பல நாட் குறிகள் ஓரிடத்திற் செறியின், அஃது ஓர் இணை வாழும் எல்லையெனக் கொள்ளப்பட்டது. மறு ஆண்டும் அதே நிலம், அதே முறை. தொண்டர் ஒருவர் சில பறவைகளைக் காணாது விடலாம். ஆயின் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே அளவு விடுபடுமாயின் ஒப்பீடு பெரிதும் கெடுவதில்லை.

இதன் பயன் 1969இல் வெளிப்பட்டது. 'வைற்துரோட்' எனப்படும் வெண்தொண்டைச் சிறுகுருவி, இளவேனிலில் ஆபிரிக்காவிலிருந்து இங்கிலாந்தின் வேலிப்புதர்களுக்கு வருவது. அவ்வாண்டு அது பல இடங்களிற் காணப்படவில்லை. தனியொருவர் தம் வேலிக்கே ஏதோ குறை நேர்ந்ததென எண்ணியிருப்பர். பலரது படங்களையும் ஒருங்கு வைத்து நோக்கியபோதோ, முந்திய ஆண்டினும் 77 வீதம் குறைந்தமை புலனாயிற்று. குறை வேலியில் இல்லை. அக்குருவிகள் மாரிகாலத்தைக் கழிக்கும், சகாராவுக்குத் தெற்கேயுள்ள சாகெல் நிலப்பரப்பை வறட்சி வாட்டியதே காரணமென 1974இல் வெளிவந்த ஆய்வு விளக்கிற்று. ஓர் ஊர் வேலியில் நிகழ்ந்த மாற்றத்துக்குக் காரணம் மற்றொரு கண்டத்தில் இருந்தது!

இதிலிருந்து மற்றோர் உண்மையும் பெறப்படும். பறவையைக் கண்டவர் மட்டும் எழுதிக் காணாதவர் வாளாவிருப்பாராயின், அக்குறைவு புலப்பட்டிராது. ஆகவே 'இல்லை' என எழுதுதலும் 'உண்டு' என எழுதுதலோடொத்த மதிப்புடையது. கண்டதைக் கூட்டியும் குறைத்தும் எழுதாத நேர்மையே இத்தொண்டின் உயிர்நிலை.

நம் நாடும் இதற்குப் புறம்பன்று. 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் நடைபெறுவது. 1943இல் நிறுவப்பெற்ற இலங்கைப் பறவைக் கழகத்தினர் அதில் ஈடுபட்டு வந்துள்ளனர். யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் மன்னாரிலும் மாரியிற் றங்கும் ஊசிவால் வாத்துகள் ஆசியாவின் வடபுலத்திலிருந்து வருவன. அவை குறையுமாயின், காரணம் இங்கும் இருக்கலாம், தொலைவிலும் இருக்கலாம். வழிநெடுக எண்ணுவோர் இருந்தாலன்றி அதனை அறிதல் இயலாது.

மாணவர்களே, இத்தொண்டுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், மாறாத ஓரிடமும், மாறாத ஒரு நேரமும், பறவைகளை இனங்காணும் பயிற்சியும் போதும். ஊர்க்குளக்கரையில் இன்று எழுதப்படும் ஒரு வரி தனித்து நோக்குமிடத்துச் சிறிதே. இருபதாண்டு தொடர்ந்து எழுதப்படின், அதுவே வேறெங்கும் பெறலரிய சான்றாகும்.