குறையுள்ள தொலைநோக்கி: அனுப்புவதா, வைத்துக்கொள்வதா?

மழைக்காலம் முழுவதும் பெட்டியிலேயே கிடந்த தியோடலைட்டை வெளியே எடுக்கும் களப்பணியாளர், அதன் தொலைநோக்கியின் கண்ணாடியில் ஒரு புள்ளியைக் காண்கிறார். அது தூசியா, குமிழா, பூஞ்சணமா என்பது உடனே விளங்குவதில்லை. பழுதுபார்க்க அனுப்பினால் கருவி எப்பொழுது திரும்பி வரும் என்று சொல்வதற்கில்லை; அளவைக்கு ஏற்ற வறண்ட மாதங்கள் அதற்குள் கழிந்துவிடலாம். அனுப்பாமல் வேலையைத் தொடங்கினாலோ, எடுத்த அளவுகள் யாவற்றையும் பின்னர் தள்ளிவிட நேரிடலாம். பள்ளி ஆய்வுக்கூடத்துச் சிறு தொலைநோக்கிக்கும், துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கிக்கும் இதே சங்கடம் உண்டு. அமைப்பில் இவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை: முன்னே பொருளருகு வில்லை, நடுவே குறுக்குக் கம்பிகள், பின்னே கண்ணருகு வில்லை.

இந்தச் சங்கடத்தின் மிகப் பெரிய உதாரணம் தஞ்சையில் நிகழ்ந்தது. 1802ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து, நாட்டின் முக்கோண அளவையைத் தொடங்கியவர் வில்லியம் லாம்ப்டன். அவருடைய பெரிய தியோடலைட் லண்டனில் வில்லியம் கேரி என்பவரால் செய்யப்பட்டது. அதன் கிடைவட்டம் 36 அங்குல விட்டமுடையது. எடை ஏறத்தாழ அரை டன். தென்னையும் பனையும் மறைக்கும் சமவெளியில் கோபுரங்களின் உச்சியே தகுந்த நோக்கிடமாக இருந்தது. 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மீது கருவியை ஏற்றுகையில், அதைச் சுவரிலிருந்து விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. வட்டம் நெளிந்து உருக்குலைந்தது.

அக்காலத்தில் லண்டனுக்குக் கருவியை அனுப்புவதெனில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக மாதக்கணக்கும், திரும்பிவர மாதக்கணக்கும் ஆகும். கடலில் போர்க் கப்பல்களின் அபாயம் வேறு. லாம்ப்டன் அனுப்பவில்லை. கருவியைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். ஒரு பெரிய தட்டைப் பலகையில் வட்டத்தின் சரியான அளவை வரைந்துகொண்டு, ஆப்புகள், திருகுகள், கப்பிகள் ஆகியவற்றால் நெளிந்த உலோகத்தைச் சிறிது சிறிதாக வெளியே இழுத்து அக்கோட்டோடு பொருத்தினார். ஆறு வாரங்கள் இவ்வேலை நடந்தது. வட்டம் ஏறக்குறையப் பழைய உருவை அடைந்தது, அளவை தொடர்ந்தது.

‘ஏறக்குறைய’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வட்டத்தில் சிறிது குறை எஞ்சியிருந்தது; ஆனால் அது நாளுக்கு நாள் மாறுவதாக இல்லை. பின்னாளில் ஜார்ஜ் எவரெஸ்ட், ஒரே கோணத்தை வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து பன்முறை அளந்து சராசரி எடுப்பதை ஒழுங்கான முறையாக்கினார். இடத்துக்கிடம் வேறுபடும் பிரிவுப் பிழைகள் இம்முறையால் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. அவர் 1830இல் ஹென்றி பாரோ என்னும் கருவிக் கலைஞரை இங்கிலாந்திலிருந்து அழைத்து வந்த பிறகே பெரிய தியோடலைட் முறையாகப் புதுப்பிக்கப்பட்டது. பாரோவுக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் ஹுசேன் என்பது நம் நாட்டுக் கருவித் தொழிலின் வரலாற்றில் மறக்கத் தகாத செய்தி.

ஆகவே, குறை உண்டா என்பதைவிட அக்குறை அளவைக் கெடுக்கிறதா, மாறாதிருக்கிறதா என்பதே முதற்கண் கேட்கத்தக்க கேள்வி.

முதலில் கண்ணாடியின் புள்ளியைக் காண்போம். பொருளருகு வில்லையின் ஒவ்வொரு பகுதியும் பிம்பம் முழுவதையும் உண்டாக்குகிறது. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லையில் 2 மில்லிமீட்டர் அளவான குமிழ் இருப்பின் அது மறைப்பது பரப்பில் 400இல் ஒரு பங்கு. கண் அதை உணரவே உணராது. ஆசிரியர்கள் இதை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். ஆய்வுக்கூடத் தொலைநோக்கியின் முன்வில்லையில் சிறு காகிதத் துண்டை ஒட்டித் தொலைவிலுள்ள கோபுரத்தையோ மரத்தையோ பார்க்கச் செய்க. காகிதம் தெரியாது; காட்சியில் ஓட்டையும் விழாது. வில்லையில் பாதியை மறைத்தாலும் கோபுரம் முழுமையாகவே தெரியும், சற்று மங்கலாக. (சூரியனை நோக்க விடலாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆயினும் மாணவர்க்குச் சொல்லியே ஆகவேண்டும்.)

அதே புள்ளி குறுக்குக் கம்பி உள்ள தளத்தில் இருந்தால் கதை வேறு. பிம்பம் விழும் இடமும் அதுவே ஆதலால், கண்ணருகு வில்லை அப்புள்ளியையும் பெரிதாக்கிக் காட்டும். அது கண்ணை உறுத்தும். மட்டக்கோலின் எண்ணை மறைக்கவும் கூடும். எனினும் அளவைப் பொய்யாக்காது. கண்ணருகுக் குழலை மெல்லச் சுழற்றும்போது புள்ளியும் சுழன்றால் அது அவ்வில்லையைச் சேர்ந்தது. சுழலாமல் கம்பியோடு நின்றால் கம்பித் தளத்தைச் சேர்ந்தது. முற்காலத்தில் இக்கம்பிகள் சிலந்தி நூலால் ஆனவை. நூல் அறுந்தால் அளவையாளர் புதரில் சிலந்தி தேடிப் புது நூல் பூட்டியதுண்டு. இன்று கண்ணாடியில் கீறிய கோடுகளே வழக்கமாதலின் அந்தக் கைத்திறன் மறைந்துவிட்டது.

அடுத்து நோக்குக் கோட்டின் பிழை. லெவல் கருவியில் இதை இரு முளைகளால் சோதிப்பர். 60 மீட்டர் இடைவெளியில் அ, ஆ என்னும் முளைகளை அடித்து, நடுவில் கருவியை நிறுத்தினால் அ-வில் 1.425, ஆ-வில் 1.210 மீட்டர் என்று கிடைக்கிறது எனக் கொள்வோம். தூரம் சமமாதலால் பிழை இரண்டிலும் சமம், வேறுபாடு 0.215 என்பது உண்மையே. பின்பு கருவியை அ-வை ஒட்டி நிறுத்தினால் அங்கே 1.560 என்றால் ஆ-வில் 1.345 வரவேண்டும். வந்ததோ 1.348. அஃதாவது நோக்குக் கோடு 60 மீட்டரில் 3 மில்லிமீட்டர் மேல்நோக்கிச் சாய்ந்துள்ளது. கோணத்தில் இது ஏறத்தாழ 10 விநாடி. இதற்காகக் கருவியை அனுப்ப வேண்டுவதில்லை. கம்பிச் சட்டத்தின் திருகுகளைக் கொண்டு களத்திலேயே திருத்தலாம். திருத்தாவிடினும் முன்நோக்கையும் பின்நோக்கையும் சம தூரத்தில் வைத்துக்கொண்டால் பிழை தானே நீங்கும். தியோடலைட்டிலும் இடமுகம், வலமுகம் என இருமுறை நோக்கிச் சராசரி எடுப்பது இதன்பொருட்டே.

ஆனால் சோதனையை மறுநாள் திரும்பச் செய்கையில் 3 மில்லிமீட்டர் 7 ஆகவும், அதற்கடுத்த நாள் கீழ்நோக்கி 2 ஆகவும் வருமானால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. எவ்வளவு சிறிதாயினும் அலையும் பிழையை எந்தச் சராசரியாலும் நம்பி நீக்க முடியாது. அக்கருவியைப் பெட்டியில் வைத்து மூடிவிட வேண்டியதுதான்.

துப்பாக்கித் தொலைநோக்கிக்கும் இதுவே உரைகல். குறி ஒரு பக்கமாக விலகினால் திருகால் சரிசெய்யலாம். திருகே பழுதா என்று அறிய, சுடுதளத்தில் ஒரு சதுரச் சோதனை செய்வர். ஒரு சொடுக்குக்குக் கால் கலை நகரும் கருவியாயின் 100 மீட்டரில் அது சுமார் 7 மில்லிமீட்டர். 20 சொடுக்கு மேலே, 20 வலமாக, 20 கீழே, 20 இடமாகத் திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் சில குண்டுகளைச் சுட வேண்டும். கடைசித் தொகுதி முதல் தொகுதியின்மேல் விழுமானால் திருகுகள் நலம். விழாவிடினும் கருவியை உடனே பழிக்கலாகாது. முதலில் அதைத் துப்பாக்கியோடு பிணைக்கும் வளையங்களின் திருகுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். கண்ணை அசைக்கும்போது கம்பியும் இலக்கின்மேல் அசையும் இடமாறு தோற்றத்தைப் பழுதெனக் கருதி அனுப்பிவிடுவாரும் உண்டு. குவியம் மாற்ற வழியில்லாத தொலைநோக்கியில் ஒரே ஒரு தூரத்திற்குத்தான் இது நீக்கப்பட்டிருக்கும். மற்றத் தூரங்களில் தோன்றுவது இயல்பே. தியோடலைட்டிலோ, கம்பி கூர்மையாகத் தெரியுமாறு கண்ணருகு வில்லையை முதலில் அமைத்து, அதன்பின் பொருளைக் குவித்தால் அது மறையும்.

பார்வைக்கு எந்தக் கெடுதலும் தெரியாதபோதே அனுப்பவேண்டிய குறையும் ஒன்று உண்டு. அது பூஞ்சணம். கைவிளக்கின் ஒளியை முன்புறத்திலிருந்து சாய்வாகச் செலுத்தினால், சிலந்திவலை போலக் கிளைத்த வெண்ணிழைகள் தெரியும். தொடக்கத்தில் இதைத் துடைத்து நீக்கிவிடலாம். விட்டுவிட்டால் அது சுரக்கும் அமிலம் வில்லையின் பூச்சையும், பின்னர் கண்ணாடியையும் அரிக்கும். அரித்த கண்ணாடி மீளாது. ஆகவே இன்னும் ஒரு பருவம் ஓடட்டும் என்று நினைப்பது வீண் சிக்கனம். ஒட்டுவில்லைகளின் விளிம்பில் வண்ண வளையங்கள் தோன்றினால் ஒட்டு விடுகிறது என்பது பொருள்; அது மெல்லப் பரவும், ஆதலால் பருவம் முடிந்தபின் அனுப்பலாம். நைட்ரஜன் நிரப்பி அடைத்த துப்பாக்கித் தொலைநோக்கியின் உட்புறத்தில் ஆவி படிந்தால் அடைப்பு விட்டுவிட்டது. அதைக் களத்தில் திறக்கவே கூடாது.

அனுப்புவதென்று முடிவானால், ‘கருவி சரியில்லை’ என்று மட்டும் எழுதிய சீட்டால் பயனில்லை. செய்த சோதனை, தேதி, கிடைத்த எண்கள், கருவி கீழே விழுந்ததுண்டாயின் அச்செய்தி ஆகிய யாவும் சீட்டில் இருக்கவேண்டும். விழுந்ததை மறைப்பதால், பழுதுபார்ப்பவர் தேடவேண்டிய இடம் தெரியாமல் போகிறது. பிடிதிருகுகளை இலேசாக மட்டும் இறுக்கி, கருவியை அதன் பெட்டிக்குள் உரிய நிலையில் அமர்த்தி, அப்பெட்டியை வைக்கோலோ மரச்சீவலோ நிரப்பிய இன்னொரு பெட்டிக்குள் வைத்து அனுப்புக. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை ஒன்றும் உள்ளே இருக்கட்டும். நீல நிறமுள்ள வகை வெளிர்சிவப்பாக மாறியிருந்தால் இளஞ்சூட்டில் உலர்த்திய பின்பே அதை வைக்க வேண்டும்.