மௌனத்துக்கு இரண்டு பொருள்

இணைப்பின் இலக்கணம் – 9

புதுச்சேரியை ஒட்டிய மீனவ ஊர் வீராம்பட்டினம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தில் அந்த ஊரும் சேர்ந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை உயரமும் காற்றின் போக்கும் வரைபடமாக வெளியாகும். திட்டத்தின் தன்னார்வலர்கள் அதை இறக்கிப் பார்த்து, தமிழில் எழுதி, கரையோரம் கட்டிய ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதை மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள்.

இந்தத் தொடரில் இதுவரை ஒரே நிறுவனத்துக்குள் இருக்கும் மென்பொருள்களை ஒன்றோடொன்று பேசவைப்பதைப் பார்த்தோம். கணக்குப் பிரிவும் கிடங்கும் நம் கைக்குள் இருப்பவை. இந்த வாரம் வாசலைத் தாண்டுகிறோம். யாரோ, எங்கோ, நொடிக்கு நொடி வெளியிடும் நேரடித் தரவை நம்முடைய ஒருங்கிணைப்புத் தளத்துக்குள் கொண்டுவருவது எப்படி? வீராம்பட்டினத்துத் தன்னார்வலர் செய்த வேலைதான் அது. குறித்த நேரத்தில் மூலத்தைப் போய்ப் பார்த்தார், தன் ஊருக்கு வேண்டியதை மட்டும் எடுத்தார், மொழிமாற்றினார், உரியவர் காதில் சேர்த்தார். இன்று இந்த நான்கையும் மென்பொருள் செய்கிறது.

ஒரு நிலநடுக்கத்தின் பயணம்

எடுத்துக்காட்டுக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் நிலநடுக்க ஓடையை எடுத்துக்கொள்வோம். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், கடவுச்சொல்கூட வேண்டாம். கடந்த ஒரு மணி நேரத்தில் பதிவான நிலநடுக்கங்களின் பட்டியல் நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. பட்டியல் ஜியோஜேசான் என்ற வடிவில் வரும்.

இதை உள்வாங்க அப்பாச்சி கேமல் போன்ற ஒரு தளம் போதும். 2007-ல் வெளிவந்த திறந்தமூல மென்பொருள் அது. அதன் அடித்தளம் கிரெகர் ஹோப், பாபி உல்ஃப் இருவரும் எழுதி 2003-ல் வெளியான ‘என்டர்பிரைஸ் இன்டக்ரேஷன் பேட்டர்ன்ஸ்’ என்ற நூல். மென்பொருள்களை இணைப்பவர்கள் மீண்டும் மீண்டும் சந்திக்கும் சிக்கல்களை 65 வடிவங்களாகத் தொகுத்துப் பெயரிட்டது அந்த நூல். பெயர் வைத்த பிறகுதான் இந்தத் துறையினர் ஒருவர் சொல்வதை இன்னொருவர் சட்டென்று புரிந்துகொள்ள முடிந்தது.

கேமலில் நாம் எழுதும் பாதை இப்படிப் போகும். நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டைமர் எழுப்புகிறது. எச்டிடிபி வழியே பட்டியல் வருகிறது. அதைத் தனித்தனி நிகழ்வுகளாகப் பிரிப்பவர் ஸ்பிளிட்டர். அளவு 6-க்குக் கீழே உள்ளவற்றைத் தள்ளுபவர் ஃபில்டர். நம் வடிவத்துக்கு மாற்றுபவர் டிரான்ஸ்லேட்டர். கடைசியில் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ போகிறது. முப்பது, நாற்பது வரிகளில் முடிந்துவிடும். ஒரே பிற்பகலில் ஓடவும் செய்யும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஓடுகிறது என்பதாலேயே அதை நம்பிவிடுகிறோம்.

மூன்று எண்கள்

ஒரு நிகழ்வைக் கையில் எடுத்துப் பாருங்கள். இடத்தைச் சொல்ல மூன்று எண்கள் இருக்கும். முதலில் தீர்க்கரேகை, பிறகு அட்சரேகை, மூன்றாவதாகக் கிலோமீட்டரில் ஆழம். பள்ளிக்கூடத்தில் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள் நாம். ஜியோஜேசான் நேர்மாறு. சென்னை அதில் 80.27, 13.08 என்று வரும். வரிசையை மாற்றிப் படித்தால் சென்னை ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்ட் தீவுகளின் வடகரையை ஒட்டிப் போய் விழும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. இரண்டும் செல்லுபடியாகும் எண்களே.

நேரமும் அப்படித்தான். 1970 ஜனவரி 1 முதல் கடந்த மில்லி நொடிகளின் எண்ணிக்கையாக அது வரும். 2004 டிசம்பர் 26, இந்திய நேரம் காலை 6 மணி 28 நிமிடம் 53 நொடி என்பது 1104022733000. இதை நொடிக் கணக்கு என்று எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 37,000-ஆவது ஆண்டுக்குப் போய்விடுவோம். அவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் படும். சின்ன தவறுதான் தப்பித்துவிடும். உலகப் பொதுநேரத்தை உள்ளூர் நேரம் என்று எண்ணி ஐந்தரை மணி நேரம் பிசகினால், எச்சரிக்கையின் நோக்கமே கெட்டுவிடும்.

எட்டு, எட்டரை, ஒன்பது

2004 டிசம்பர் 26 என்ற தேதியை நம் கரையோரத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. சுமத்ராவுக்கு மேற்கே நிலம் அதிர்ந்த கால் மணி நேரத்தில் ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதல் அறிக்கையை வெளியிட்டது. அதில் நிலநடுக்கத்தின் அளவு 8.0. ஒரு மணி நேரம் கழித்து வந்த அடுத்த அறிக்கையில் 8.5. விரிவான ஆய்வுக்குப் பிறகு அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் கணக்கில் அது 9.1.

அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். 8.0-க்கும் 9.1-க்கும் இடையே ஏறத்தாழ 45 மடங்கு. முதல் எண் யாருடைய கவனக்குறைவாலும் வந்ததல்ல. பெரிய நிலநடுக்கத்தின் முழு உருவம் தெரிய அதிக அலைப்பதிவுகள் வேண்டும், அவை வந்து சேர நேரம் ஆகும். நேரடித் தரவின் இயல்பே இது. முதலில் வருவது மதிப்பீடு, பிறகு வருவது திருத்தம்.

இணைப்பை எழுதுபவர் வழுக்கி விழும் இடமும் இதுதான். ஒரே நிலநடுக்கம் அடுத்தடுத்த நிமிடங்களின் பட்டியலில் திரும்பத் திரும்ப வரும். அறுபது முறை குறுஞ்செய்தி போகக் கூடாது என்பதற்காக, ஒருமுறை பார்த்த அடையாள எண்ணை மறுபடி ஏற்காதே என்று எழுதிவிடுவோம். ஐடெம்பொட்டன்ட் ரிசீவர் என்ற வடிவம் அதற்கென்றே இருக்கிறது. ஆனால் அடையாள எண்ணை மட்டும் வைத்து வடிகட்டினால், 8.0 போன்ற முதல் மதிப்பீடு உள்ளே வந்துவிடும், 8.5 போன்ற திருத்தம் வாசலிலேயே நிறுத்தப்படும். ‘இதைத்தான் ஏற்கெனவே பார்த்தோமே’ என்று மென்பொருள் திருத்தத்தைத் தூக்கி எறிந்துவிடும்.

ஒவ்வொரு நிகழ்விலும் ‘அப்டேட்டட்’ என்று ஒரு புலம் இருக்கிறது. அடையாள எண்ணையும் அதையும் சேர்த்தே சாவியாக வைக்க வேண்டும். திருத்தம் வந்தால் உள்ளே விடு. முன்பு நாம் சொன்னதிலிருந்து பொருள்பட மாறியிருந்தால் மறுபடி சொல். இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே அதிர்வைப் பல வலையமைப்புகள் பதிவு செய்வதால் முதன்மை அடையாள எண்ணே பின்னால் மாறலாம். அதனால் ‘ஐடிஸ்’ என்ற புலத்தில் எல்லா எண்களையும் சேர்த்தே தருகிறார்கள். ஆவணத்தைக் கடைசி வரி வரை படித்தவருக்கு மட்டுமே இது தெரியும்.

92 ஆண்டு பழைய அதிர்ச்சி

மூலம் எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் வருவதைச் சோதிக்காமல் விழுங்கக் கூடாது. லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் நாளிதழிடம் குவேக்பாட் என்ற மென்பொருள் இருக்கிறது. புவியியல் ஆய்வு மையத்தின் அறிவிப்பு வந்ததும் செய்தியை அதுவே எழுதும். 2014 மார்ச் 17 அதிகாலை நகரம் குலுங்கியபோது சுமார் மூன்றே நிமிடத்தில் செய்தி தளத்தில் ஏறியது. நேரடித் தரவை இணைத்ததால் கிடைத்த உண்மையான பயன் அது.

2017 ஜூன் 21 அன்று அதே குவேக்பாட், கலிபோர்னியாவின் ஐலா விஸ்டா அருகே 6.8 அளவில் நிலநடுக்கம் என்று அறிவித்தது. தரையில் ஒரு சிறு அசைவும் இல்லை. நடந்தது இதுதான்: 1925-ல் சாண்டா பார்பராவில் நேர்ந்த நிலநடுக்கத்தின் மையப்புள்ளியை ஆய்வாளர்கள் பழைய பதிவேட்டில் திருத்தியிருந்தார்கள். அந்தத் திருத்தத்தைப் புதிய நிகழ்வு என்று தவறாக எடுத்துக்கொண்ட மென்பொருள் அறிவிப்பை அனுப்பிவிட்டது. அதில் இருந்த தேதி 2025 ஜூன் 29.

அன்றைக்கு அது எட்டு ஆண்டு கழித்து வரவிருந்த ஒரு நாள்! நிகழ்வின் நேரம் இப்போதைய நேரத்தைத் தாண்டியிருந்தால் நிறுத்து என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அப்படி நிறுத்தியதை எறிந்துவிடவும் கூடாது. டெட் லெட்டர் சேனல் என்ற தனிப் பெட்டியில் போட்டு ஒரு மனிதரை அழைக்க வேண்டும். முகவரி சரியில்லாத கடிதங்களை அஞ்சலகம் தனியே எடுத்துவைத்துப் பார்க்குமே, அதே ஒழுக்கம்.

பட்டியல் வெறுமையாக இருந்தால்?

இந்த அத்தியாயத்தில் நான் வாசகரிடம் சேர்க்க நினைக்கும் ஒரே செய்தி இனிமேல்தான் வருகிறது. பொய் எச்சரிக்கை ஊருக்கே தெரிந்துவிடும், திருத்திவிடுவோம். வராத எச்சரிக்கை யாருக்கும் தெரியாது.

நம் பாதையிலிருந்து மூன்று நாளாக ஒரு செய்தியும் வரவில்லை என்று வையுங்கள். பூமி அமைதியாக இருந்திருக்கலாம். அல்லது முகவரி மாறி, சான்றிதழ் காலாவதியாகி, நடுவில் ஒரு கணினி பழைய பிரதியையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மௌனமும் ஒன்றுபோலவே இருக்கும். 200 என்ற வெற்றிக் குறியீடு வந்தாலும் உள்ளே இருப்பது நேற்றைய பட்டியலாக இருக்கக்கூடும்.

இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. பட்டியலின் தலைப்பகுதியிலேயே ‘ஜெனரேட்டட்’ என்ற புலத்தில் அது தயாரான நேரம் இருக்கிறது. அது ஐந்து நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்தால், ‘மூலம் பேசவில்லை’ என்பதே ஒரு செய்தியாக உரியவருக்குப் போக வேண்டும். பட்டியலில் சிறு நிகழ்வுகளே இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும், ‘பார்த்தேன், புதிதாக ஒன்றும் இல்லை’ என்று பாதை தன் பதிவேட்டில் எழுத வேண்டும். பார்த்ததையும் பார்க்காததையும் ஒரே வெறுமையாக விட்டுவைப்பது, என் கருத்தில், இந்தத் தொழிலின் மிகப் பெரிய குற்றம்.

2004-ல் நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஹவாயில் எண்கள் இருந்தன. இந்தியப் பெருங்கடலின் கரையோர ஊர்களுக்கு அவற்றைக் கொண்டுசேர்க்கும் பாதை இல்லை. 2007 அக்டோபரில்தான் ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. நம் கரைக்கு அதிகாரபூர்வமான எச்சரிக்கை இன்று அங்கிருந்துதான் வருகிறது. நாம் எழுதிப் பழகும் பாதை அதற்கு மாற்றாகாது.

ஆனால் அன்று ஒரு ஊரில் பாதை இருந்தது. புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். சுவாமிநாதன் நிறுவனத்தின் அறிவு மையத்து ஒலிபெருக்கி, அன்றாடம் அலை உயரம் சொல்ல வைத்திருந்த அதே வகை ஒலிபெருக்கி, கரையைவிட்டு விலகும்படி ஊருக்கு அறிவித்தது. மக்கள் ஓடினார்கள், பிழைத்தார்கள்.

நேரடித் தரவை எங்கேனும் இணைத்து வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வங்கியின் நாணய மதிப்போ, பேருந்தின் இருப்பிடமோ, அணையின் நீர்மட்டமோ, எதுவாகவும் இருக்கட்டும். இன்று மாலை அலுவலகத்தைவிட்டுக் கிளம்பும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்த மூலம் இன்றிரவு பேச்சை நிறுத்தினால், அது யாருக்கு, எத்தனை நிமிடத்தில் தெரியும்?’ பதில் உடனே வரவில்லை என்றால், அந்த இணைப்பு இன்னும் முடியவில்லை.

(தொடரும்)