மண்ணுக்கு ஒரு போர்வை

மலாக்கா நகரிலுள்ள செயின்ட் பால் குன்றின் உச்சியில் ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. அதன் சுவர்கள் பழுப்புச் சிவப்பு நிறச் செம்பூராங்கற்களால் கட்டப்பட்டவை. மலாக்காவின் பல பகுதிகளில் இந்தக் கல்லும் இதன் சரளையும் நிலத்தின் மேற்பரப்பிலிருந்து அதிக ஆழமில்லாமலேயே காணப்படுகின்றன. மலேசிய மண் வகைகளுள் சரளை மிகுந்த ஒன்றுக்கு ‘மலாக்கா’ என்றே பெயர் சூட்டியுள்ளனர். இத்தகைய நிலத்தில் பயிருக்கு உணவளிப்பது மேலே படிந்திருக்கும் மெல்லிய மேல்மண்ணே. அதைப் பறிகொடுத்தால் எஞ்சுவது சரளை மட்டுமே.

மேல்மண் எப்படிப் பறிபோகிறது? மலாக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கனமழையின் துளிகள் வெறும் நிலத்தில் விழும்போது மண்கட்டிகளை உடைத்துத் தூளாக்குகின்றன. அந்தத் தூள் மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. உள்ளே இறங்க வழியில்லாத நீர், சரிவை நோக்கி ஓடுகிறது. ஓடும்போது வளமான மண்ணையும் வாரிக்கொண்டு போகிறது. இதையே மண்ணரிப்பு என்கிறோம். ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாக நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகலாம். அது கரைந்து போகச் சில பருவமழைகளே போதும்.

இந்த உண்மையை மலாக்கா தன் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கே மரவள்ளிக்கிழங்கு பெருமளவில் பயிரிடப்பட்டது. அதற்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. கிழங்கு மாவு ஆலைகளின் அடுப்புகளுக்கும் காட்டு மரங்களே விறகாயின. மரவள்ளி, மண்ணின் சத்தை விரைவாக உறிஞ்சும் பயிர். கிழங்கைத் தோண்டும் ஒவ்வொரு முறையும் நிலமும் கிளறப்பட்டு வெறுமையானது. சில அறுவடைகளுக்குப் பின் விளைச்சல் குறைந்ததும், பயிரிட்டவர்கள் அந்நிலத்தைக் கைவிட்டுப் புதிய காட்டைத் தேடிப் போனார்கள். கைவிட்ட நிலத்தில் லாலாங் புல் மண்டியது.

அடுத்து வந்தது ரப்பர். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லியின் ஊக்கத்தால், தான் சே யான் என்பவர் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் கன்றுகளை நட்டார். பின்னர் புக்கிட் அசாஹானில் பெரிய அளவில் ரப்பர் பயிரிடப்பட்டது. மலாயாவில் வணிக நோக்கில் நடந்த தொடக்ககால ரப்பர் பயிரீடுகளுள் இதுவும் ஒன்று. தோட்டங்கள் பெருகப் பெருக, தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தனர்.

தொடக்ககாலத் தோட்டங்களில் ஒரு நம்பிக்கை நிலவியது. மரங்களுக்கிடையே ஒரு புல்கூட இருக்கலாகாது. இருந்தால் அது ரப்பருக்குரிய சத்தைத் திருடிவிடும் என்று தோட்ட நிர்வாகிகள் கருதினர். வீட்டு வாசலைப்போல் துப்புரவாக இருப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளம் எனப்பட்டது. ஆண்களும் பெண்களும் மண்வெட்டி பிடித்து, களையை ஓயாமல் கொத்தி அகற்றினர். தோட்டம் பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால், மழைக்குப் பின் சரிவுகளில் மரவேர்கள் வெளியே தெரிந்தன. ஓடைகள் செந்நிறமாக ஓடின. உழைப்பைக் கொட்டிப் பராமரித்த தோட்டத்திலிருந்தே அதன் முதலீடான மண் வெளியேறிக்கொண்டிருந்தது.

இதற்கான தீர்வு, மண்ணை மூடிவைப்பது. இதற்கு உதவுபவை மூடுபயிர்கள். பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் ஆகிய அவரைக் குடும்பக் கொடிகள் ரப்பர் கன்றுகளுக்கு இடையே நடப்பட்டன. 1925-இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் இவற்றை ஆராய்ந்து பரிந்துரைத்தது. இக்கொடிகள் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கின்றன. இவற்றின் இலைகள் மழைத்துளியின் வேகத்தைத் தாங்கிக்கொள்கின்றன. வேர்கள் மண்ணைப் பற்றிப் பிடிக்கின்றன. வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. உதிரும் இலைகள் மக்கி உரமாகின்றன. அடர்ந்த கொடி, லாலாங் தலைதூக்காமலும் தடுக்கிறது. சில ஆண்டுகளில் ரப்பர் மரங்கள் கிளைவிரித்து நிழல் பரப்பும்போது மூடுபயிர் மெல்ல மறைந்துவிடும். அதன்பின் ரப்பர்ச் சருகே மண்ணுக்குப் போர்வையாகிறது.

செங்குத்தான சரிவுகளுக்குக் கொடி மட்டும் போதாது. அங்கே குன்றைச் சுற்றி, ஒரே மட்டத்தில் படிகள் வெட்டப்படும். ஓடிவரும் நீர் ஒவ்வொரு படியிலும் வேகம் இழந்து மண்ணுக்குள் இறங்கும். வரிசைகளுக்கு இடையே வெட்டப்படும் குழிகளில் நீரோடு வந்த வண்டல் தங்கிவிடும். இந்தப் படிகளையும் குழிகளையும் வெட்டியதிலும், கொடிகளை நட்டுப் பேணியதிலும் தோட்டப்புறத் தமிழர்களின் உழைப்பு பெரும்பங்கு வகித்தது.

பின்னாளில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாக மாறின. ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய மரங்களை அகற்றி மறுநடவு செய்ய வேண்டும். முன்பு சாய்த்த மரங்களைத் தீயிட்டுக் கொளுத்துவது வழக்கம். அதனால் புகை எழுந்ததோடு, மண்ணுக்குத் திரும்ப வேண்டிய சத்தும் வீணானது. இதற்கு மாற்றாக, மரங்களைத் துண்டு துண்டாகச் சீவி வரிசையாகப் பரப்பி மக்கவிடும் ‘எரிக்காத மறுநடவு’ முறையை மலேசியாவின் கோல்டன் ஹோப் நிறுவனம் வளர்த்தெடுத்தது. 1992-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘உலக 500’ விருது அந்நிறுவனத்துக்குக் கிடைத்தது. இன்று செம்பனைத் தோட்டங்களில் வெட்டிய மட்டைகள் வரிசைகளுக்கிடையே அடுக்கப்படுகின்றன. பழம் உதிர்த்த வெற்றுக்குலைகள் ஆலையிலிருந்து திரும்பி வந்து மண்ணை மூடுகின்றன. முக்குனா பிராக்டியாட்டா என்னும் கொடியும் மூடுபயிராகப் பரவியுள்ளது. வடகிழக்கு இந்தியாவைத் தாயகமாகக் கொண்ட அக்கொடி, தமிழர் அறிந்த பூனைக்காலிக்கு நெருங்கிய உறவு.

மண்ணைக் காப்பது விளைச்சலுக்காக மட்டுமன்று. மலேசியாவில் மழை குறைந்த மாநிலங்களுள் மலாக்காவும் ஒன்று. 1991-இல் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வறண்டபோது மாநில மக்கள் கடும் தண்ணீர்த் தட்டுப்பாட்டை அனுபவித்தனர். மூடப்பட்ட மண் மழைநீரை உள்வாங்கி, மழையில்லா நாள்களில் ஓடைகளுக்கு மெல்ல மெல்லக் கொடுக்கிறது. வெறும் மண்ணோ நீரை வேகமாக ஓடவிடுகிறது. அதோடு தானும் போய் ஆறுகளையும் அணைகளையும் தூர்க்கிறது.

களைக்கொல்லியை அளவின்றித் தெளித்து நிலத்தை மொட்டையாக்கும் பழக்கம் இன்றும் சில இடங்களில் உண்டு. கருவி மாறியிருக்கிறதே தவிர, தவறு பழையதுதான். பயிரோடு போட்டியிடும் களையை மட்டும் அகற்றி, மரத்தடியைச் சுற்றி மட்டும் துப்புரவு செய்து, மற்ற இடத்தைப் பசுமையாக விட்டுவைப்பதே அறிவார்ந்த முறை.

வீட்டுத் தோட்டத்திற்கும் பள்ளித் தோட்டத்திற்கும் இதே பாடம் பொருந்தும். கூட்டிய சருகை எரிக்காமல் வெண்டை, கத்தரிச் செடிகளின் அடியில் பரப்பலாம். காலியான பாத்தியில் தட்டைப்பயறு விதைக்கலாம். சரிவுக்குக் குறுக்காகப் பாத்தி அமைக்கலாம். செலவில்லாத இந்தச் சிறு செயல்கள், வரும் மழையில் மண் ஓடிப்போகாமல் நிறுத்திவைக்கும்.