தோலாவிரா: பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு தொழில் நகரம்

"சிந்துவெளி நாகரிகம் ஏன் வளர்ந்தது?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "ஆத்தங்கரை சார், அதான்!" என்று மாணவர்கள் சட்டென்று சொல்வார்கள். மொகஞ்சதாரோவுக்கும் ஹரப்பாவுக்கும் அந்த விடை பொருந்தும். தோலாவிராவுக்கு அது போதாது. அங்கே பெரிய ஆறே இல்லை.

தோலாவிரா இந்தியாவின் குஜராத் மாநிலத்தில், கட்ச் உப்புப் பாலைவனத்தின் நடுவே உள்ள காதிர் தீவில் இருக்கிறது. 1960களில் ஜே.பி. ஜோஷி இதைக் கண்டறிந்தார். ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் 1990 முதல் விரிவான அகழாய்வு நடந்தது. 2021இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. சுமார் கி.மு. 3000 முதல் கி.மு. 1500 வரை இங்கு மக்கள் வாழ்ந்தனர்.

தண்ணீர் எப்படிக் கிடைத்தது?

நகரத்தின் இரு பக்கமும் மன்சார், மன்ஹார் என்ற இரண்டு ஓடைகள். இரண்டிலும் மழைக்காலத்தில்தான் தண்ணீர் ஓடும். ஓடைகளின் குறுக்கே தடுப்பணை கட்டி, நீரைத் திருப்பி, பெரிய நீர்த்தேக்கங்களில் சேமித்தார்கள். கோட்டைக்குக் கிழக்கே உள்ள ஒரு தேக்கம் மட்டும் சுமார் 73 மீட்டர் நீளம், 29 மீட்டர் அகலம். நம் ஜொகூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அப்படியிருந்தும் குழாயில் தண்ணீர் நின்றால் திண்டாடிப் போகிறோம். கொஞ்ச மழையை வைத்துக்கொண்டு ஒரு நகரத்தையே நடத்தியவர்கள் அவர்கள்.

என்ன தொழில் நடந்தது?

பாசிர் கூடாங் என்றதும் நமக்குத் துறைமுகமும் தொழிற்சாலைகளும் ஞாபகம் வரும். தோலாவிராவிலும் தொழிலும் வணிகமும் சேர்ந்தே வளர்ந்தன. சூதுபவள மணி, சங்கு வளையல், செம்புப் பொருள் எல்லாம் இங்கே செய்யப்பட்டன. சூதுபவளக் கல்லைச் சூடாக்கினால் அதிலுள்ள இரும்புச்சத்தால் செந்நிறம் கூடும். பிறகு கடினமான கல் ஊசியால் துளையிட வேண்டும். இன்றைய ஆய்வாளர்கள் அதே முறையில் செய்து பார்த்தபோது, ஒரு மணி நேரத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஆழம்தான் துளைக்க முடிந்தது. கணக்குப் போடுங்கள்: 6 சென்டிமீட்டர் நீள மணிக்குத் துளையிட மட்டும் 24 மணி நேரம்! சிந்துவெளிச் சூதுபவள மணிகள் மெசபொத்தேமியாவின் ஊர் நகரக் கல்லறைகளிலும் கிடைத்துள்ளன. தமிழ்நாட்டில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலிலும் பிற்காலத்தில் இதே தொழில் நடந்தது.

எழுத்துப் பலகை: இங்கே கவனம்!

வடக்கு வாயில் அருகே பத்துப் பெரிய குறியீடுகள் கொண்ட பலகை கிடைத்தது. "அது தமிழ்தான்" என்று விடைத்தாளில் எழுதலாமா? கூடாது. ஐராவதம் மகாதேவன், அஸ்கோ பர்போலா போன்ற அறிஞர்கள் இம்மொழி திராவிட மொழியாக இருக்கலாம் எனக் கருதினார்கள். ஆனால், எல்லாரும் ஏற்கும்படி அதை யாரும் இன்னும் படித்துக் காட்டவில்லை. அதனால்தான் 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசை அறிவித்தது. "கருதப்படுகிறது" என்று எழுதுங்கள். "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதாதீர்கள். நம் மொழிமேல் பற்று இருக்கட்டும். சான்றை மீறிப் பேச வேண்டாம்.

ஏன் வீழ்ந்தது?

வறட்சி கூடியது, வெளிநாட்டு வணிகம் குறைந்தது ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கடைசிக் கட்டத்தில் வந்தவர்கள் எளிய வட்டக் குடிசைகளில் வாழ்ந்தார்கள்.

பயிற்சிக் கேள்வி: "ஆறு இல்லாத இடத்திலும் நகரம் வளர முடியும்." தோலாவிராவைச் சான்றாகக் கொண்டு விளக்குக. நீர் மேலாண்மை, கைத்தொழில், வணிகம் ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதாமல், ஒன்று மற்றதற்கு எப்படி உதவியது என்று இணைத்து எழுதினால் விடை வலுவாக அமையும்.