62 சதவீதம்: ஒரு வாசிப்பு

இஸ்தான்புல்லின் நிலநடுக்க ஆபத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் சீக்கிரமே ஒரு எண்ணுக்கு வந்துசேர்கிறார்கள். 2000இல் டாம் பார்ஸன்ஸ் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கணக்கு அது: 30 ஆண்டுகளுக்குள் நகரம் கடுமையாகக் குலுங்கும் வாய்ப்பு 62 சதவீதம், கூடவோ குறையவோ 15. அந்தப் 15 வழியிலேயே உதிர்ந்துபோய், 62 மட்டும் ஜோசியக்காரன் வாக்குபோலப் புழங்குகிறது. தமிழ் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், இந்த எண்ணுக்குள் சுவடி வாசிப்பு இருக்கிறது.

வழக்கமான கணிப்பு முறை இதுதான்: சுற்றிலும் உள்ள பிளவுகள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை வருஷத்துக்கொரு தடவை எவ்வளவு பெரிசாக உடையும், அதிர்வு தூரத்தில் எவ்வளவு தேயும், அடியில் இருப்பது பாறையா வண்டலா. கட்டட விதிகளில் வரும் '475 ஆண்டு' அதிர்வு என்பது 475 வருஷத்துக்கொரு முறை தவறாமல் வருவதல்ல. 50 ஆண்டுக்குள் அந்த அளவு தாண்டப்படும் வாய்ப்பு 10 சதவீதம், அவ்வளவுதான். இந்தக் கணக்குக்கு ஞாபகம் கிடையாது. நேற்று உடைந்த பிளவும் 250 வருஷம் சும்மா கிடந்த பிளவும் அதற்கு ஒன்றே.

பார்ஸன்ஸ் குழு ஞாபகத்தை உள்ளே கொண்டுவந்தது. 1939இல் எர்சின்ஜானில் தொடங்கி, வட அனடோலியப் பிளவு துண்டு துண்டாகப் பெரும்பாலும் மேற்கு நோக்கி உடைந்துகொண்டே வந்து 1999இல் இஸ்மித்தை எட்டியது. 17,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஒரு துண்டு உடைந்தால் பக்கத்துத் துண்டின்மேல் பாரம் ஏறும். பக்கத்துத் துண்டு இஸ்தான்புல்லுக்குத் தெற்கே, மர்மரா கடலுக்கடியில்.

அது கடைசியாக எப்போது உடைந்தது? 1509, 1766 என்கிற வருஷங்கள் நமக்குக் கிடைப்பது கருவிகளிலிருந்து அல்ல. ஓட்டோமான் ஆவணங்கள், பயணிகளின் குறிப்புகள், மசூதிகளைச் செப்பனிட்ட செலவுக் கணக்குகள் இவற்றிலிருந்து. நிக்கலஸ் அம்ப்ரசேஸ் பல பத்தாண்டுகள் இதையே வாசித்துக்கொண்டிருந்தார். எழுதியவன் தலைநகரில் உட்கார்ந்திருந்தான் என்பதை மறந்துவிட்டால் எல்லா நிலநடுக்கமும் தலைநகருக்கடியில் வந்ததாகவே தோன்றும். மையம் தன்னைப் பற்றித்தானே எழுதிக்கொள்ளும். அரண்மனைச் சுவர் விழுந்தது பதிவாகும், கிராமத்துக் குடிசை ஆகாது. நம்ம பாடபேதச் சண்டைகளெல்லாம் இதற்குமுன் வெறும் விளையாட்டு. இத்தகைய ஐயங்களுக்கும் அந்தப் 15இல் பங்குண்டு. அதை உதிர்த்துவிட்டால் வாசிப்பு விதியாகிவிடுகிறது. 'வர்றது வந்தே தீரும்' என்று சொல்லிவிட்டு அரசு தன் வேலையைப் பார்க்கலாம்.

சாவைப் பற்றி 62 எதுவும் சொல்வதில்லை. 1999இல் அதிர்வு மையத்துக்கு 80 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அவ்ஜிலாரில் குடியிருப்புகள் சரிந்தன. நகரத்தில் அதைவிடக் கிட்டே இருந்த பல பகுதிகள் நின்றன. அவ்ஜிலாரின் மண் இளக்கம், அதன்மேல் எழுப்பிய கான்கிரீட் மட்டம். 2018இல் துருக்கி அரசு, விதி மீறிக் கட்டியவர்கள் பணம் கட்டிப் பதிவுசெய்துகொள்ளலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. 'கட்டடச் சமாதானம்' என்று அதற்குப் பெயர். 2023 பிப்ரவரியில் தெற்கே வேறொரு பிளவு உடைந்து 50,000 பேருக்கு மேல் செத்த மாகாணங்களிலும் அப்படிப் பதிவான கட்டடங்கள் இருந்தன. கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்பது உரிமையாளரின் பொறுப்பு என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.