கடல்நீர்த் தொட்டியும் அதன் கொள்ளளவும்

“சிறுகக் கட்டிப் பெருக வாழ்” என்பது முன்னோர் மொழி. வீடு கட்டுவோர்க்கும் வணிகந் தொடங்குவோர்க்கும் அது தக்க அறிவுரையே. ஆயின், கண்ணாடித் தொட்டியிற் கடல்நீரை நிரப்பி மீன் வளர்க்க விரும்புவார்க்கு அது பொருந்தாது. இம்முயற்சியிற் புதிதாக ஈடுபடுவோர் பலர், செலவுக்கஞ்சிச் சிறு தொட்டியை நாடுகின்றனர். பழகியபின் பெரியது வாங்கலாம் எனவும் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. சிறு தொட்டியே பழகிய கையை வேண்டுவது. பெரிய தொட்டியோ புதியவரின் பிழைகளைப் பொறுப்பது.

இதன் காரணம் கடலின் இயல்பிலேயே உள்ளது. கடல் பெரிது; ஆதலின் அதன்கண் நிகழும் மாற்றம் சிறிது. திறந்த கடலில் ஆயிரம் பங்கு நீருக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு உளது. பவளப்பாறை மீன்கள் இந்நிலைபேற்றிலேயே பிறந்து வளர்பவை. மழையாலும் வெயிலாலும் அடிக்கடி மாறும் குளத்துநீரில் வாழும் மீனுக்குள்ள தாங்குதிறன் அவற்றுட் பலவற்றுக்கு இல்லை.

கடலுயிர்களை வீட்டில் வளர்க்கும் முயற்சி பழையது. 1846ஆம் ஆண்டில் அன்னா தைன் என்னும் ஆங்கில மாது, கடற்கரையிலிருந்து பவள உயிர்களை இலண்டனுக்குக் கொணர்ந்து, நீரைப் பாத்திரத்திற்குப் பாத்திரம் ஊற்றிக் காற்றூட்டிக் காத்தார். 1853இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. மறுவருடம் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல் இக்கலையை இல்லங்களிற் பரப்பிற்று. எனினும், நீரிற் சேரும் நஞ்சு எவ்வாறு நீங்குகின்றது என்பதை அந்நாளையோர் அறிந்திலர்.

மீன்கள் தம் பூக்கள் வழியாக அமோனியாவை வெளிவிடுகின்றன. எஞ்சிய உணவு அழுகுதலாலும் அஃது உண்டாகும். கல்லிலும் மணலிலும் வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், வேறொருவகையின அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை பெருகி நிலைபெறப் பொதுவாக நான்கு முதல் ஆறு கிழமைகள் வேண்டும். அதற்குமுன் மீனை இடுதல் அதனை நஞ்சில் இடுதலாகும். கடல்நீர் சற்றுக் காரத்தன்மையுடையது. காரத்தன்மை மிகுந்தோறும் அமோனியாவின் நச்சுத்தன்மையும் மிகும். அன்றியும், ஒரே வெப்பநிலையில் நன்னீரிலும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்த ஒட்சிசனே கடல்நீரிற் கரையும்.

இனி, இரு தொட்டிகளை ஒப்பிடுவோம். முதலாவதன் நீளம் 50, அகலம் 32, நீராழம் 25 சதமமீற்றர். அது கொள்வது 40 இலீற்றர். இரண்டாவதன் நீளம் 100, அகலம் 40, நீராழம் 50 சதமமீற்றர். அது கொள்வது 200 இலீற்றர். ஒரே மீன் இரண்டிலும் ஒரே அளவு அமோனியாவை வெளிவிடுமாயின், சிறியதில் அதன் செறிவு ஐந்து மடங்காகும். மீனொன்று ஒருவரும் அறியாது கல்லிடுக்கில் இறந்து அழுகினும் நிலை இதுவே. ஆவியாதலால் இரண்டிலும் நீர்மட்டம் ஒரு சதமமீற்றர் தாழின், உப்பு மட்டும் எஞ்சி நிற்கும். அப்பொழுது பெரியதில் உப்பு 35இலிருந்து 35.7 ஆகும்; சிறியதில் 36.5 ஆகும். இக்குறையை நன்னீரால் நிரப்புதல் வேண்டும். கடல்நீரால் நிரப்புவோர் உப்பின்மேல் உப்பைச் சேர்ப்பவராவர்.

அங்ஙனமாயின் இயன்றவரை மிகப் பெரிய தொட்டியை வாங்குதல் நன்றோ? அன்று, அதற்கும் எல்லையுண்டு. 200 இலீற்றர் கடல்நீரின் நிறை ஏறத்தாழ 205 கிலோகிராம். கல், மணல், கண்ணாடி ஆகியவற்றின் நிறையும் இதனோடு சேரும். வலிமை குன்றிய மேசை இதனைத் தாங்காது. செயற்கைக் கடல்நீர் ஆக்குவதாயின் ஏறத்தாழ 7 கிலோகிராம் உப்புக் கலவை வேண்டும். பத்திலொரு பங்கு நீரை மாற்றுந்தோறும் 20 இலீற்றர் புதுநீர் ஆயத்தமாதல் வேண்டும். பராமரிக்க இயலாத பெருந்தொட்டியும் கேட்டிற்கே வழியாகும்.

வடிவமும் கருதத்தக்கது. ஒட்சிசன் நீரின் மேற்பரப்பு வழியாகவே உட்புகுதலால், அகலமின்றி உயர்ந்த தொட்டியிலும் நீண்டு அகன்ற தொட்டி நன்று. உருண்டைக் கண்ணாடிக் கலம் கடல்மீனுக்கு ஒவ்வாது. கல்லும் மணலும் இடங்கொள்ளுமாதலின், தொட்டியின் அளவுகளைப் பெருக்கிப் பெறும் எண்ணிலும் உள்ளே நிற்கும் நீர் குறைவே என்பதையும் மறத்தலாகாது.

மேலும், மீன் வாங்கும்பொழுதுள்ள அளவில் நிற்பதன்று. கோமாளி மீன் பத்துச் சதமமீற்றர் அளவில் அடங்கும். வாலடியிற் கத்திபோன்ற முள்ளையுடைய நீலமீனோ முப்பது சதமமீற்றர் வரை வளர்ந்து, ஓயாது நீந்தித் திரியும். ஆதலின் வளர்க்கக் கருதும் மீனை முதலில் தெரிந்து, பின்னரே தொட்டியைத் தெரிதல் முறையாகும். புதியவர் ஒருவர்க்கு 150 முதல் 250 இலீற்றர் வரை கொள்ளும் தொட்டியும், அதில் இடுவதற்குச் சிறு மீன்கள் சிலவும் தக்கன எனலாம்.

நன்னீர் அழகுமீன்களிற் பெரும்பாலன பண்ணைகளில் இனம்பெருக்கப்படுபவை. கடல்மீன்களிற் பெரும்பாலனவோ பவளப்பாறைகளிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. அவ்வாறு பிடித்தவற்றைப் பிறநாடுகளுக்கு அனுப்பும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. எனவே, கவனக்குறைவால் தொட்டியில் இறக்கும் ஒவ்வொரு மீனும் பாறையிலிருந்து வீணே கவரப்பட்ட உயிராகும். அதன் இடத்தை நிரப்ப மற்றொன்று பிடிக்கப்படும். சிறு தொட்டியால் மிச்சப்படும் பணத்தோடு இவ்விழப்பையும் சேர்த்து எண்ணுவோரே கணக்கைச் சரிவர அறிந்தவராவர்.