கடனும் அரசு வேலையும்

தாராவியில் ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பையனுக்கு மத்திய அரசு வேலை கிடைத்தது. செம்பூரைத் தாண்டி டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மாவுக்கு மட்டும் ஒரு கவலை. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை.

மாட்டுங்காவில் அவளுடைய அண்ணன் இருக்கிறார். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய்க் கேட்டாள்.

"அண்ணே, போலீஸ் விசாரணை வருமாம். நமக்குக் கடன் இருக்கே. வேலை போயிடுமா?"

"பயப்படாதே தங்கச்சி. கடன் வாங்குவது குற்றம் இல்லை. இது நீ வாங்கிய கடன். அவன் பேரில் இல்லை. ஆனால் அவன் சில விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்."

அவர் சொன்னதை நாமும் தெரிந்துகொள்வோம்.

வேலையில் சேரும்போது ஒரு படிவம் தருவார்கள். போலீஸ் கைது செய்ததா, வழக்கு உண்டா, தண்டனை உண்டா என்று அதில் கேட்பார்கள். உண்மையை எழுத வேண்டும். மறைத்தால் வேலையே போகலாம்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் உண்டு. அதில் 17-ஆம் விதி கடனைப் பற்றியது. ஊழியர் எப்போதும் கடனிலேயே மூழ்கி இருக்கக் கூடாது. கடனுக்காக அவர் மேல் யாராவது வழக்குப் போட்டால், உடனே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் நடவடிக்கை எடுக்கலாம்.

நோய், விபத்து போன்ற எதிர்பாராத காரணத்தால் கடன் வந்ததா? அதை ஊழியர்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் ஆஸ்பத்திரி ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

வங்கியில் கடன் வாங்கலாம். ஆனால் அலுவலகத்துக்குச் சாமான் கொடுக்கும் காண்டிராக்டரிடம் வாங்கக் கூடாது. இது 16-ஆம் விதி.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? கடன் கழுத்தை நெரிக்கும்போது மனிதன் தடுமாறுவான். "ரகசியத்தைச் சொல், பணம் தருகிறேன்" என்று ஒருவன் வரலாம். அமெரிக்காவில் அப்படி நடந்தது. ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்பவர் அந்த நாட்டின் உளவுத் துறை அதிகாரி. கடனில் சிக்கியிருந்த அவர், 1985-இல் நாட்டின் ரகசியங்களை சோவியத் நாட்டுக்கு விற்கத் தொடங்கினார். 1994-இல் பிடிபட்டார். ஆயுள் தண்டனை பெற்றார். அந்த நாட்டில் ரகசியப் பணிக்கு ஆள் எடுக்கும்போது கடனையும் பார்க்கிறார்கள்.

நம் நாட்டில் வங்கி வேலைக்கும் கடன் கணக்கைப் பார்ப்பது உண்டு. கடனை ஒழுங்காகக் கட்டாத ஒருவரின் வேலை நியமனத்தைப் பாரத ஸ்டேட் வங்கி ரத்து செய்தது. அது சரிதான் என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

"இன்னும் ஒன்று, தங்கச்சி" என்றார் அண்ணன். "அரசு வேலை கிடைத்த செய்தி பரவியதும் பலர் வருவார்கள். 'தம்பி, ஜாமீன் கையெழுத்து மட்டும் போடு' என்பார்கள். வாங்கியவர் கட்டாவிட்டால், ஜாமீன் போட்டவர்தான் கட்ட வேண்டும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கோர்ட் உத்தரவு வந்தால் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடிப்பார்கள்."

அம்மா வீட்டுக்கு வந்தாள். மகனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

நினைவில் வைப்போம்:

கடன் வாங்கினால் தவணை தவறாமல் கட்டுவோம்.
கட்டிய பணத்துக்கு ரசீது கேட்டு வாங்குவோம்.
கோர்ட் நோட்டீஸ் வந்தால் ஒளித்து வைக்க மாட்டோம்.
வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட மாட்டோம்.

முன்பு கைநாட்டு வைத்தோம். இன்று எழுத்து தெரியும். எந்தத் தாளையும் முழுதாகப் படிப்போம். பிறகே கையெழுத்துப் போடுவோம்.